துரத்துவதும் வேட்டைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இலையுதிர் காலத்தில் மேலை நாடுகளில் நடக்கும் மான் வேட்டையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘இணைசேரும் பருவத்தில் ஆண்மான் தன்னை மறந்து திரியும், கிட்டே போனாலும் ஓடாது’ என்பதைப் படித்துவிட்டு, நம் ஊர் மானும் ஐப்பசி, கார்த்திகையில் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை கிண்டிக் காட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அந்தத் தப்புக் கணக்கு ஆபத்து. மானுக்கு அதைவிட ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. ‘குடியிருப்புக்குள் புகுந்த புள்ளிமானை இளைஞர்கள் மடக்கிப் பிடித்தனர்’ என்ற செய்தி சென்னைப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. படத்தோடு, பாராட்டோடு வருகிறது. பிறகு ‘மீட்கப்பட்ட மான் அதிர்ச்சியில் இறந்தது’ என்று இரண்டு வரி வரும், சில சமயம் அதுவும் வராது. இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் மானின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த நாட்டு வேட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தின் செம்மான் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை இணைசேர்கிறது. பகல் குறைவதுதான் அதற்கு மணி அடிக்கிறது. அங்கே ஜூனில் பகல் 17 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் ஏறத்தாழ 7 மணி நேரம். இரவு நீள நீள, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமும் நீள்கிறது. அதைத் தொடர்ந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. கொம்பின் மேலிருக்கும் வெல்வெட் தோல் உரிகிறது, கழுத்து பருக்கிறது, உறுமல் கேட்கத் தொடங்குகிறது. சினைக்காலம் சுமார் 8 மாதம். அக்டோபரில் சேர்ந்தால் மே கடைசியிலோ ஜூனிலோ குட்டி விழும், அப்போதுதான் அங்கே புல் தளிர்த்து நிற்கும். அந்தப் புல்லுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஐரோப்பாவின் ரோ மான் அதே புல்லை எட்டிப் பிடிக்க வேறு வழி வைத்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டிலேயே இணைசேர்ந்துவிடுகிறது, கரு பல மாதம் வளராமல் காத்திருந்து குளிர்காலத்தில்தான் வளர ஆரம்பிக்கிறது. நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் விட்ட செம்மான் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் உறுமுகிறது, தென்கோளத்தில் அதுதான் இலையுதிர் காலம்.

வேட்டைக்காரர்கள் இந்தப் பருவத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் எளிது. மற்ற மாதங்களில் புதருக்குள் ஒளிந்திருக்கும் பெரிய ஆண்மான் இப்போது கத்தித் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, பட்டப்பகலில் வெட்டவெளியில் நிற்கிறது, போலி உறுமலைக் கேட்டுப் போட்டிக்கு வந்த ஆண் என்று நம்பி நடந்து வருகிறது. நியூசிலாந்தில் இந்தப் போலி உறுமலை நம்பி ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரைச் சுட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. எனவே சத்தத்தையும் அசைவையும் நம்பாதே, மானைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் விசையைத் தொடாதே என்பது அங்கே முதல் பாடம்.

தங்கள் கட்டுரை விட்டுவிட்ட ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கறிக்காகப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பருவத்தின் உச்சத்தில் பெரிய ஆண்மானைத் தொடமாட்டார்கள். வாரக்கணக்கில் அது சரியாக மேய்வதில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இழக்கிறது. தசையில் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வற்றிப்போகிறது. விலங்கு இறந்த பிறகு இந்தக் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறினால்தான் கறியின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5 அளவுக்கு இறங்கி அது கெடாமல் நிற்கும். சேமிப்பு தீர்ந்திருந்தால் பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் நாறிவிடும். ஓடி ஓடிக் களைத்துச் செத்த மானின் கறியும் இதே கதிதான். அதனால் மானை ஓடவிடாமல், தான் வந்ததே அதற்குத் தெரியாமல், ஒரே குண்டில் முடிப்பதைத்தான் அந்த ஊரில் நல்ல வேட்டை என்கிறார்கள். அந்த வேட்டை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கொல்லப் போகிறவனே மானைத் துரத்தக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறான் என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துரத்தினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்நாட்டின் தென்மேற்கில் நாய்களை விட்டுச் செம்மானைத் துரத்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விலங்கு நடத்தை ஆய்வாளர் பேட்ரிக் பேட்சன் இதை ஆராய்ந்து 1997-இல் அறிக்கை கொடுத்தார். ஒரு துரத்தல் சராசரியாக 3 மணி நேரம், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீடித்தது. முடிவில் அந்த மான்களின் தசையில் கிளைக்கோஜன் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. தசைக்குள் இருக்க வேண்டிய நொதிகள் கசிந்து ரத்தத்தில் கலந்திருந்தன, சிவப்பணுக்கள் சிதைந்திருந்தன. அறிக்கை வந்த கையோடு, அங்கே பெரும் நிலப்பரப்பை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை தன் நிலத்தில் நாய் கொண்டு மான் துரத்துவதைத் தடை செய்தது. பின்னர் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் அதைத் தடை செய்தது.

இனி நம் மான்கள். சென்னையில் பகலின் நீளம் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. செம்மானுக்கு அடிப்பதுபோல ஒரு மணி இங்கே ஓங்கி அடிப்பதில்லை. எனவே புள்ளிமானுக்கு இலையுதிர் காலத்து இணைசேர்க்கை என்று ஒன்று கிடையாது. எந்த மாதத்தில் பார்த்தாலும் ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்போடு ஒன்று, வெல்வெட் போர்த்திய கொம்போடு ஒன்று, கொம்பு உதிர்ந்து மொட்டைத் தலையோடு ஒன்று என்று நிற்கும். ஒவ்வொரு ஆணுக்கும் தனிக் கணக்கு. கோடையில் வேகம் கூடும் என்பது உண்மை, ஆனால் ‘இந்த மாதம் பருவம், அடுத்த மாதம் இல்லை’ என்று கோடு போட முடியாது. வெளிமானிலும் வருடம் முழுக்கக் குட்டி விழும். அதன் இணைசேர்க்கை மார்ச், ஏப்ரலில் ஒரு முறையும் ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை இன்னொரு முறையும் கூடும். வெளிமானுக்கு இருப்பது உதிராத முறுக்குக் கொம்பு. புள்ளிமானுக்குக் கிளைத்து உதிரும் கொம்பு, ஒவ்வொன்றிலும் பொதுவாக 3 முனை. நம் முன்னோர் ஆணைக் கலை என்றும் இரலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் பிரித்துச் சொன்னார்கள். நாளிதழில் எல்லாவற்றையும் ‘மான்’ என்று ஒரே சொல்லில் அடைக்காமல் எந்த மான், ஆணா பெண்ணா, கொம்பு எந்த நிலையில் என்று எழுதினால் படிப்பவருக்கும் உதவும், பதிவாகவும் நிற்கும்.

கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ஆளுநர் மாளிகை வளாகமும் ஐஐடி வளாகமும் ஒரு காலத்தில் அதே காட்டின் பகுதிகள். முற்றிய கொம்புள்ள புள்ளிமான் ஆண் ஒரே இடத்தில் நிற்காது. எந்தக் கூட்டத்தில் பிணை சினைக்கு வந்திருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் மோப்பம் பிடித்தபடி அலையும். முதுமலையில் அப்படி அலைந்தால் அடுத்த புல்வெளிக்குப் போகும். கிண்டியில் அலைந்தால் சுவர் வரும். சுவரில் உடைப்போ, மழைநீர்க் கால்வாயின் வாயோ இருந்தால் அதன் வழியே வேளச்சேரிக்கோ கோட்டூர்புரத்துக்கோ சர்தார் பட்டேல் சாலைக்கோ வந்துவிடும். பெரிய ஆணால் விரட்டப்பட்ட இளம் ஆண்களும் இப்படி வெளியே வருவதுண்டு. அப்படி வருகிற மான் பெரும்பாலும் வந்த வழியை மறப்பதில்லை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ தெரு அடங்கினால் அதே ஓட்டை வழியே திரும்பிப் போய்விடும். அந்த அவகாசத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை.

இரவில் கரகரத்த குரலில் நீட்டி நீட்டி ஒரு கத்தல் கேட்டால் மானுக்கு ஏதோ ஆபத்து என்று பலர் பதறுகிறார்கள். ஆணின் பருவக் குரல் அது. பயந்த மான் போடுவது சுருக்கமான, கூர்மையான ஒலி. கூடவே முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும். முதல் குரலுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டை என்றால் என்ன என்பதை அதே சட்டம் 2(16)-இல் விளக்குகிறது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, நாயை ஏவுவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டி மடக்குவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சி, எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினாலும், சட்டம் மிகுந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கும் வெளிமான் போன்ற விலங்கை எங்கே வேட்டையாடினாலும் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுவரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. மான் கறியை வாங்குவதும் குற்றம். உதிர்ந்து கிடக்கும் கொம்பை வீட்டுக்கு எடுத்துப்போவதும் குற்றம். இறந்த மான் அரசின் சொத்து, கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். காப்பாற்றும் எண்ணத்தில் ஓடியவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் கொல்வதையும் விரட்டுவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததில் பொருள் இருக்கிறது என்கிறேன்.

துரத்தப்பட்ட மானுக்கு வரும் நோயைக் கால்நடை மருத்துவர்கள் ‘கேப்சர் மையோபதி’ என்கிறார்கள். பிடிபடும் கலவரத்தில் தசையே சிதைந்துபோவது. நடப்பது இதுதான். மான் குறுகிய ஓட்டத்துக்குப் படைக்கப்பட்ட உடம்பு. புலியோ செந்நாயோ வந்தால் சில நிமிடம் பறந்து, பிறகு நின்று மூச்சு வாங்கும். தெருவில் நாலு பக்கமும் ஆள் நின்று விரட்டும்போது அதற்கு நிற்க இடமில்லை. தசைக்கு வரும் ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் குவிகிறது. ரத்தம் அமிலமாகிறது. உடல் வெப்பம் இயல்பான 38, 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி 41, 42-க்கு ஏறுகிறது. மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கப் பார்க்கும், ஆனால் சென்னையின் புழுக்கத்தில் அது பலிப்பதில்லை. சூடும் அமிலமும் சேர்ந்து தசை நார்களை உடைக்கின்றன. உடைந்த நாரிலிருந்து மையோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும்.

சாவு வரும் நேரம் ஒரே மாதிரி இருக்காது. சில மான்கள் பிடிபட்ட சில மணி நேரத்தில் விழும். சில ஓரிரு நாளில் பின்னங்கால் தள்ளாடி, கழுத்து முறுக்கி, படுத்த இடத்திலேயே போகும். சில மான்கள் நன்றாக எழுந்து காட்டுக்குள் ஓடிவிடும், எல்லாரும் கைதட்டுவார்கள், ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துப் புதருக்குள் இறந்து கிடக்கும். ‘அதிர்ச்சி’, ‘மாரடைப்பு’ என்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி இதுதான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்துக் கிடப்பதால் காரணம் புரிவதில்லை. இணைசேரும் நிலையில் இருக்கும் ஆண்மான் ஏற்கெனவே சரியாக மேயாமல், சண்டை போட்டு, சேமிப்பைக் கரைத்து வைத்திருக்கும். மற்ற மான் தாங்கும் ஓட்டத்தை அது தாங்காது. வேடிக்கையாகத் தெரியும் கால் மணி நேர ஓட்டம் போதும்.

இந்த நோய் முற்றிவிட்டால் மருந்து பெரிதாகக் கைகொடுப்பதில்லை. வராமல் பார்ப்பது ஒன்றே வழி, அது பெரும்பாலும் தெருவில் நிற்பவர்கள் கையில் இருக்கிறது.

மான் தெருவில் நிற்கிறதா? 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மூன்று மாநகரப் பேருந்தை வரிசையாக நிறுத்திய தூரம். வட்டம் கட்டாதீர்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. அபார்ட்மெண்ட் வாசல்களை மூடுங்கள். பார்க்கிங்கில் போட்டிருக்கும் வழவழப்பான டைல்ஸ் தரையில் குளம்பு நிற்காது, கால்கள் இரண்டு பக்கமும் பிளந்து தொடைத் தசை கிழியும், இடுப்பு மூட்டு நழுவும். அதற்குப் பிறகு அந்த மான் எழுந்திருக்காது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தெரியும் வெளிச்சத்தைத் திறந்த வெளி என்று நம்பி மோதும், எனவே திரையை இழுத்துவிடுங்கள். வளர்ப்பு நாயை உள்ளே கட்டுங்கள். டார்ச், ஹாரன், பட்டாசு, செல்போன் ஃபிளாஷ் எதுவும் கூடாது. அந்தப் பக்கம் வரும் வண்டியை மட்டும் ஒருவர் கை காட்டி நிறுத்தினால் போதும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் கையில் இல்லையென்றால் 112-க்கோ, தீயணைப்பு மீட்புப் பணிகளின் 101-க்கோ அழையுங்கள். சொல்லும்போது இடம், என்ன மான், கொம்பு உண்டா, நிற்கிறதா படுத்திருக்கிறதா, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற விவரம் வேண்டும். கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சுற்றுச்சுவருக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே விரட்டப் பார்க்காதீர்கள். கேட்டைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஆட்களை விலக்குங்கள். இருட்டும் அமைதியும் மானுக்குப் பாதி மருந்து.

அடிபட்டுக் கீழே கிடக்கும் மானிடம்தான் நல்ல மனசோடு நிறையத் தவறு நடக்கிறது. முதல் தவறு, நாலு காலையும் சேர்த்துக் கட்டிப் பக்கவாட்டில் படுக்க வைப்பது. மான் அசைபோடும் விலங்கு. இரைப்பையில் ஓயாமல் வாயு ஊறும். பக்கவாட்டில் கிடந்தால் அது ஏப்பமாக வெளியேறாமல் வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். நெஞ்சு தரையில் படும்படி, கால்கள் மடங்கியபடி உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் மணல் மூட்டையோ சுருட்டிய சாக்கோ முட்டுக் கொடுங்கள். தலை உடம்பைவிட உயரமாகவும் மூக்கு நுனி கீழ்நோக்கியும் இருக்கட்டும், எதுக்களித்தது மூச்சுக்குழாய்க்குள் போகாது. இரண்டாவது தவறு, பாட்டிலில் தண்ணீர் எடுத்து வாய்க்குள் ஊற்றுவது. பாதி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். தண்ணீரை வயிற்றின் அடிப்பக்கம், தொடையிடுக்கு, கால்கள் மேல் ஊற்றுங்கள், சூடு இறங்கும். ஒரு துணியால் கண்ணை மூடுங்கள், மூக்கை மூடிவிடக் கூடாது. தடவிக் கொடுக்க வேண்டாம். நாய்க்கும் மாட்டுக்கும் தடவுவது ஆறுதல், காட்டு மானுக்கு அது பிடித்துத் தின்னப்போகிற கை. அருகில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஆண் புள்ளிமான் 70 கிலோவுக்கு மேலும் இருக்கும், கீழே கிடந்தபடியே கொம்பைச் சுழற்றும், எனவே பின்புறத்திலிருந்தே அணுகுங்கள். வெல்வெட் போர்த்திய கொம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அதற்குள் ரத்த ஓட்டம் உண்டு, உடைந்தால் கொட்டும், அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும்.

நாய் கடித்த மானாக இருந்தால் அதன் வாயிலும் எச்சிலிலும் கை படக் கூடாது. பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், வெறிநோய் விஷயத்தில் யோசிக்க நேரமில்லை.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு பறப்பதும் வேண்டாம். வனத்துறை வண்டி வரும்வரை நிழலில் மேற்சொன்னபடி வைத்திருப்பது மேல். மயக்க ஊசி போடுவதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவு. ஏற்கெனவே சூடேறிய மானுக்கு அந்த ஊசியே எமனாகலாம். ‘ஊசி போட்டுப் பிடிங்க சார்’ என்று கூட்டம் அவரை நெருக்கக் கூடாது.

குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் மறி அநாதை என்று அர்த்தமில்லை. பிறந்த சில நாட்கள் தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்க மட்டும் வரும். அதைத் தூக்கிவந்து பசும்பால் கொடுப்பவர்கள் ஒரு தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கிறார்கள். எறும்பு மொய்க்காமல், அடிபடாமல், ஓயாமல் கத்தாமல் கிடந்தால் தொடாமல் விலகுங்கள்.

இணைசேரும் ஆணுக்கே உரிய இன்னொரு ஆபத்து கயிறு. அந்த நிலையில் அது புதரையும் தாழ்ந்த கிளையையும் கொம்பால் அடித்துக் கலக்கும். பின்னங்காலில் எழுந்து நின்று மேலே இருக்கும் கிளையில் கொம்பைத் தேய்க்கும். காட்டில் கொம்பில் மாட்டுவது கொடி, தழை. ஊரில் மாட்டுவது நைலான் கொடிக்கயிறு, கேபிள் ஒயர், கிரிக்கெட் வலை, கூட்டம் முடிந்தும் அவிழ்க்காத ஃபிளெக்ஸ் கட்டிய கயிறு. கொடி அறும், நைலான் அறாது. கழுத்தைச் சுற்றினால் இறுக்கிக்கொண்டே போகும், வாயைச் சுற்றினால் பட்டினி. இரண்டு ஆண்கள் முட்டிக்கொள்ளும்போது கயிறு இரண்டு கொம்பையும் பிணைத்துவிடுவதும் நடக்கும். கொம்பில் மட்டும் கயிறு தொங்கி, மான் மேய்ந்து, அசைபோட்டுக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். கொம்பு உதிரும்போது கயிறும் போய்விடும், ஒரு முழக் கயிற்றுக்காகத் துரத்தி உயிரை வாங்க வேண்டாம். கழுத்தையோ வாயையோ காலையோ சுற்றியிருந்தால்தான் மருத்துவர் தேவை. காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் துணி காயப்போடும் கயிற்றை 7 அடிக்கு மேல் கட்டுங்கள், ராத்திரி அவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது. நிகழ்ச்சி முடிந்ததும் பந்தல்காரர் கயிற்றை முடிச்சில் வெட்டிவிட்டு மீதியை மரத்திலேயே விட்டுப்போகிறார். கூலி கொடுக்கும் முன் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டாரா என்று பாருங்கள்.

கால்வாய் வாய்களுக்குக் கம்பி வலை போட வேண்டும் என்ற கோரிக்கை பழையது. பல இடத்தில் போட்டும் நிலைக்காததற்குக் காரணம் அதன் அமைப்பு. அசையாமல் பதித்த வலையில் வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளத்திலேயே பிளாஸ்டிக் பை வந்து அடைத்துத் தண்ணீர் தெருவில் ஏறும். வெள்ளத்தை வடிக்க ஆட்கள் வலையை அறுத்து எடுப்பார்கள், மழை முடிந்தபின் திரும்ப யாரும் வைப்பதில்லை. மேலே கீல் வைத்த, செங்குத்துக் கம்பிகள் கொண்ட கதவாகப் போட்டால் தூக்கிச் சுத்தம் செய்துவிட்டு இறக்கலாம். கம்பிகளுக்கு நடுவே மறியும் நுழைய முடியாத அளவுக்கு இடைவெளியைக் குறைத்தால் போதும், மழைத் தண்ணீரும் நிற்காது.

வேலிக்கு வெளியே நின்று பிஸ்கட்டும் சோறும் போடுவதையும் விட்டுவிட வேண்டும். மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, மான் வயிறு உப்பிக் கழிச்சல் கண்டு விழுகிறது. பையோடு போட்டால் உப்புச் சுவைக்காகப் பையையும் தின்னும். அது இரைப்பையிலிருந்து வெளியே வர வழியே கிடையாது. அதோடு, கையைப் பார்த்துப் பழகிய மானும் சுவர் தாண்டித் தெருவுக்கு வருகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மான் பிடிபட்ட செய்தி வரும்போது நிருபர்கள் நாலு விவரம் கேட்டு எழுதட்டும். முதலில் எத்தனை மணிக்குக் கண்டார்கள், பிடிபடும்வரை எத்தனை நிமிடம் ஓடியது, வனத்துறைக்கு எத்தனை மணிக்குத் தகவல் போனது, பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் தசையும் சிறுநீரும் எப்படி இருந்தன. ‘மடக்கிப் பிடித்தனர்’ என்ற தலைப்பை விட்டுவிட்டு, தெருவே விளக்கை அணைத்து ஒதுங்கி நின்று மானைத் தானாகத் திரும்பவிட்ட ஒரு நாள் வந்தால் அதைப் படத்தோடு போடுங்கள். பிடித்து விட்ட மானாக இருந்தால் 14 நாள் கழித்து வனத்துறையிடம் ஒரு முறை கேட்டு, அது உயிரோடு இருக்கிறதா என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கோட்டூர்புரம், சென்னை.